தீர்ப்புக்கு ஒரு நாற்காலி

நீதியின் மேல் நம்பிக்கை உள்ளவர்களும், நம்பிக்கை போய் வயிற்றெரிச்சல் மட்டும் மிஞ்சியவர்களும் ஒருசேரத் தெரிந்துகொள்ள வேண்டிய மகத்தான செய்தி இது. அயல்நாட்டுத் தீர்ப்புகள் வரவேற்பு மற்றும் அங்கீகார மன்றத்தின் இரண்டாம் மாடிக் கூடத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தீர்ப்பு ஒன்றுக்கு நாற்காலி போடப்பட்டது. ஏதோ மூலையில் கிடந்த நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். கை வைத்தது, மெத்தை வைத்தது, முதுகில் சிவப்பு வெல்வெட் தைத்தது. தீர்ப்பு அதில் அமர்ந்தது. அமர்ந்தது என்றால், மன்றச் சேவகரான டவாலி அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மெத்தையின் நடுவில் வைத்து, சரிந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு தலையணையையும் அண்டக் கொடுத்தார். பிறகு அதற்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, தூசு விழாமல் மூடியும் போட்டார்.

தீர்ப்பைக் கொண்டுவந்தவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் எங்கங்க உக்கார்றது?" என்று கேட்டாள்.

"எங்கம்மா உக்காருவீங்க? இருக்கிறது ஒரே நாற்காலி. அதுல தீர்ப்பு உக்காந்திருக்கு."

"அது காகிதம்தானேங்க. கொஞ்சம் மேசை மேல வெச்சா..."

டவாலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுங்கம்மா, காதுல விழுந்துறப் போகுது. அது காகிதம் இல்ல, ஒரு நாடு. ஒரு நாடே வந்து உக்காந்திருக்கு. நீங்க வெறும் மனுதாரர். செருப்பையும் கழட்டி வெளிய விட்டுட்டு வந்துருங்க, தாயி."

அவள் கழற்றி வைத்தாள். தரை குளிர்ந்தது.

அவள் கதை பெரிய கதை இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கல்யாணம், அந்தப் பக்கமே குழந்தை, அந்தப் பக்கமே சண்டை. அந்தப் பக்கத்து நீதிமன்றம் இருவரையும் கூப்பிட்டு விசாரித்து, பெண் குழந்தை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னது. மை காய்வதற்குள் கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி, இந்தப் பக்கத்தில் இருந்த தன் அக்காள் வீட்டுக்கு வந்துவிட்டான். குழந்தைக்கு அப்போது வயது மூன்று. இவள் தீர்ப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வந்த ஊரில் வயிற்றைக் கழுவ ஒரு செருப்புக் கடையில், குழந்தைகள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க யார் யார் பிள்ளைகளின் காலையோ மடியில் வைத்து அளவு பார்க்கிற வேலை.

கணவனுக்குப் போன் செய்தபோது அவன் நல்ல குரலில்தான் பேசினான். "நானா தரமாட்டேன்னு சொன்னேன்? இந்த நாட்டுக் கோர்ட் ஒரு வார்த்தை சொல்லட்டும். சொன்ன அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போ. சட்டத்துக்கு விரோதமா நான் ஒண்ணுமே செய்யமாட்டேன்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் சொன்ன சொல் இது.

வக்கீலோ ஆனந்தத்தில் மிதந்தார். "ஜெயிச்ச கேஸும்மா! ஜெயிச்ச கேஸை எடுக்கிறதுன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலையே இல்ல. அந்தப் பக்கம் ஜெயிச்சதுக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை தலையாட்டணும், அவ்வளவுதான்."

"தலையாட்ட எவ்வளவு நாளாகுங்க?"

"அது தலையோட கனத்தைப் பொறுத்தது."

நாற்காலிச் சடங்கு முடிந்ததும் தீர்ப்பை மொழிபெயர்ப்புக்கு அனுப்பினார்கள். அயல்நாட்டுத் தீர்ப்பு எந்த மொழியில் இருந்தாலும் நம் மொழிக்குப் பெயர்க்கப்பட வேண்டும் என்பது விதி. அந்த நாட்டிலும் இந்த நாட்டிலும் பேசுவது ஒரே மொழி. ஆனால் விதியில் 'ஒரே மொழியாக இருந்தால் தவிர' என்று ஒரு வரி இல்லை. இல்லாத வரியைப் படிக்க யாருக்கும் அதிகாரமும் இல்லை.

மொழிபெயர்ப்பாளரின் மேசையில் நான்கு தடித்த அகராதிகள் இருந்தன. மூன்றைத் திறந்து வைத்திருந்தார். நான்காவதன் மேல் டிபன் டப்பா.

"சார், இது நம்ம பாஷைலதானே இருக்கு?" என்றாள் அவள்.

"பார்க்க அப்படித்தான் தெரியும். இது நம்ம பாஷை மாதிரியே இருக்கிற அவங்க பாஷை. ரொம்ப ஆபத்தானது. படிச்சாப் புரிஞ்ச மாதிரியே இருக்கும்."

அவர் அந்த ஆபத்தோடு பல மாதங்கள் மல்லுக்கட்டினார். கடைசியில் 'அம்மாவிடம்' என்றிருந்தது 'ஈன்றாளிடம்' ஆனது. 'ஒப்படைக்க வேண்டும்' என்பது 'கையளித்தல் வேண்டும்' ஆனது. 'மூன்று வயதுப் பெண் குழந்தையை' என்பது 'மூவாண்டு அகவையுடைய பெண் மகவினை' என்று உயர்ந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார், இப்ப அவளுக்கு நாலு முடிஞ்சிருச்சு."

"அதுக்கென்னம்மா? வளர்றது குழந்தையோட சுபாவம். வளராம இருக்கிறது தீர்ப்போட சுபாவம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"முழுசாப் படிச்சுப் பார்த்தீங்களா, சார்?"

"நான் சொல் சொல்லாத்தான் பார்ப்பேன். வாக்கியமாப் படிக்கிறதுக்கு எனக்கு மேல ஒரு அதிகாரி உண்டு. அந்தப் பதவி காலியா இருக்கு."

அடுத்தது பொதுநெறிக் குழு. வந்திருக்கும் தீர்ப்பு இந்நாட்டின் பொதுநெறிக்கு முரணானதா என்று சோதிக்கும் மூவர் குழு அது. சோதிக்க வேண்டும், ஆனால் தீர்ப்பைப் பிரித்துப் பார்க்கக் கூடாது; பார்த்தால் அயல்நாட்டின் இறையாண்மையில் தலையிட்டதாகிவிடும். முதலாமவர் உறையைத் தடவிப் பார்த்தார். இரண்டாமவர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மூன்றாமவர், குழுவிலேயே அனுபவசாலி, முகர்ந்து பார்த்துவிட்டு, "பூஞ்சை வாடை வருது. ஆனா நெறிக்கு முரணா எதுவும் இல்ல" என்றார். மூவரும் கையெழுத்திட்டார்கள்.

பள்ளிகள் திறக்கும் பருவம் வந்தால் செருப்புக் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டம் வடிந்த பிறகு ஒவ்வொரு வருடமும் அவள் ஒரு ஜோடி எடுத்துத் தன் கணக்கில் எழுதச் சொல்வாள். முதலாளி அதிகம் பேசாதவர். "இந்த வருஷம் எத்தனாம் நம்பர்?" என்று மட்டும் கேட்பார். முதல் வருடம் ஒன்பது என்றாள். பிறகு பதினொன்று, பிறகு பன்னிரண்டு. காலை அளந்து பார்க்காத கணக்கு. கடைக்கு வருகிற அதே வயதுப் பிள்ளைகளை வைத்துப் போட்ட மனக்கணக்கு. வளர்கிற கால் என்று ஒரு விரல்கடை கூட்டியே எடுப்பாள். பெட்டிகள் கடையின் சரக்குக் கிட்டங்கியில் மேல்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அவற்றை எடுத்து விற்கக் கூடாது என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மன்றத் தலைவரைப் பார்க்கும் பாக்கியம் அவளுக்குக் கிடைத்தது. பரஸ்பரம் என்ற கட்டத்தில் வழக்கு நின்றிருந்தது. அந்த நாடு நம் தீர்ப்பு ஒன்றை முதலில் ஏற்றிருந்தால்தான் நாம் அவர்கள் தீர்ப்பை ஏற்கலாம். அந்த நாட்டிலும் அச்சுப் பிசகாமல் இதே விதிதான். 'தாங்கள் முதலில்' என்று இங்கிருந்து எழுதினார்கள். 'அது முறையாகாது, தாங்களே முதலில்' என்று அங்கிருந்து பதில் வந்தது. இரண்டு பக்கமும் வணக்கம் கூடிக்கொண்டே போனதில், கடைசி மடலில் வணக்கம் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.

தலைவர் அன்பானவர். அவளை உள்ளே அழைத்து, ஜன்னலோரம் நிற்க அனுமதித்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்லம்மா. ஆனா நீங்க ஒண்ணு யோசிக்கணும். மரியாதை தெரிஞ்ச ரெண்டு பேர் ஒரு வாசல்ல சந்திச்சா என்ன ஆகும்? நீங்க போங்க, நீங்க போங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ரெண்டு பேரும் உள்ள போகமாட்டாங்க. அதுக்குப் பேருதான் நாகரிகம். முந்தியடிச்சுக்கிட்டு உள்ள போறது ஆடு மாடு."

"அந்த வாசல்ல என் குழந்தை நிக்குதுங்க, ஐயா."

"நிக்கட்டும்மா. நல்ல நாகரிகத்தைப் பார்த்து வளரட்டும்."

அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். டவாலி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா ரொம்ப நல்ல மாதிரி. யாரையும் வெடுக்குனு ஒரு வார்த்தை சொல்லமாட்டாரு. இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் இல்லைன்னு சொன்னதில்ல" என்றார். சற்று யோசித்துவிட்டு, "ஆமான்னும் சொன்னதில்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

குழந்தை இருந்தது அதே நகரத்தின் மறுகோடியில். நேராகப் போகிற பஸ்ஸே உண்டு. ஆனாலும் போகக் கூடாது. அங்கீகாரம் கிடைக்கும்வரை அந்தத் தீர்ப்பு இந்த மண்ணில் செல்லாது. செல்லாத தீர்ப்பை நம்பித் தாய் நடந்து போனால், அது தீர்ப்பைக் காலால் அமல்படுத்திய குற்றம். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஆயினும் ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், அவள் அந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை. அங்கே தொங்கிய டயர்களுக்குப் பின்னால் நின்றாள். மணி அடித்ததும் பிள்ளைகள் கொட்டிய நெல்லிக்காய் மாதிரி வெளியே சிதறி வந்தார்கள். எல்லாரும் ஒரே சீருடை, ஒரே ரிப்பன். முகங்களைப் பார்க்க முடியவில்லை, கண்ணீர் மறைத்தது. அவள் தொழில் பழக்கத்தில் கால்களைப் பார்த்தாள். ஒரு ஜோடி ஷூ உள்பக்கக் குதிகால் தேய்ந்து, கொஞ்சம் சாய்ந்து நடந்து போனது. அவளும் அப்படித்தான் நடப்பாள். அந்த ஷூவுக்கு மேலே இரண்டு முழங்காலும், ஒரு புத்தகப் பையும், சிரித்துக்கொண்டே போகிற ஒரு பின்னலும் இருந்தன. அவள் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு டயரைப் பிடித்தபடி நின்றாள். கையில் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

அழைத்துப்போக வந்திருந்த நாத்தனார் பார்த்துவிட்டாள். மறுநாளே மனு போனது. 'அங்கீகாரம் பெறாத அயல்தீர்ப்பைத் தன் இரு கண்களால் பகுதியளவு அமல்படுத்திய குற்றம்' என்று மன்றம் கண்டுபிடித்தது.

"பார்க்கத்தானே செஞ்சேன், சார்!" என்று அவள் வக்கீலிடம் அழுதாள்.

"பகுதியளவுன்னுதானேம்மா போட்டிருக்காங்க. முழுசாப் பார்த்தீங்கன்னு போட்டிருந்தா இன்னும் மோசமாயிருக்கும். நான் வாதாடித்தான் பகுதியாக்கினேன்."

தண்டனையாக வழக்கு முதலிலிருந்து தொடங்கியது. டவாலி தீர்ப்பை நாற்காலியிலிருந்து எடுத்து, படியிறங்கிப் போய், கட்டடத்தின் வெளிக்கதவில் வைத்து, அது அப்போதுதான் வந்ததுபோல் மறுபடி இரண்டு கையாலும் ஏந்தி வந்து உட்கார வைத்தார். புதுத் தண்ணீர், புது மூடி. மொழிபெயர்ப்பு மறுபடி நடந்தது, மொழிபெயர்த்ததை மொழிபெயர்த்தார்கள். மூன்றாமவர் மறுபடி முகர்ந்தார். வாடை கூடியிருந்தது.

அந்த வருடம் மகளுக்கு எடுத்த செருப்பு பதின்மூன்றாம் நம்பர். செருப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: குழந்தைக் கணக்கு பதின்மூன்றோடு முடிந்துவிடும். அதற்கடுத்த பெரிய காலுக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அடுத்த வருடம் முதலாளி கேட்டபோது, "ஒண்ணு" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு இரண்டு. பிறகு மூன்று.

கல்லில் நார் உரிக்க முடியாது என்பார்கள், உரித்துவிட்டார்கள். பரஸ்பரச் சிக்கலை இரு நாடுகளும் ஒரே நாளில், ஒரே நொடியில், ஆளுக்கொரு தீர்ப்பை அங்கீகரிப்பது என்ற முடிவால் தீர்த்தார்கள். மன்றத்தில் விழா எடுத்தார்கள். மேடையில் கொடிகள் கட்டி, நடுநாயகமாகத் தீர்ப்பை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வந்தவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கிடைத்தன. தலைவர் எழுந்து கனைத்துக்கொண்டார்.

"பெரியோர்களே! இந்தத் தீர்ப்பை நான் படிக்கவில்லை. இதைத் தலைநிமிர்ந்து சொல்கிறேன். எனக்கு முன்னிருந்த தலைவரும் படிக்கவில்லை. இங்கே பணிபுரியும் ஒருவர்கூடப் படிக்கவில்லை. ஏன்? ஒரு நீதிபதி எழுதியதை இன்னொருவர் படிப்பது, அவரைச் சந்தேகிப்பதாகும். இதற்குள் இருப்பது தூக்குத் தண்டனையா, வாய்க்கால் தகராறா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அற்ப ஆசையும் எனக்கு இல்லை. இத்தனை வருடங்கள் எங்கள் கையில் இருந்தும், இதில் ஓர் எழுத்தை, ஒரு புள்ளியை நாங்கள் தொட்டதில்லை. வந்தது எப்படியோ அப்படியே திருப்பித் தருகிறோம். இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு தாளுக்கு எந்த நாடாவது செய்ததுண்டா?"

இல்லை என்பதுபோல் அரங்கம் கைதட்டியது.

தீர்ப்பு மேடைக்குப் போய்விட்டதால் சிவப்பு நாற்காலி காலியாக இருந்தது. டவாலி அவளைக் கூப்பிட்டு, "உக்காருங்கம்மா. இன்னிக்கு யாரும் கேக்கமாட்டாங்க" என்றார். உட்கார்ந்த பிறகுதான் கால் எவ்வளவு வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. டவாலி அவள் தட்டில் தன் பங்குப் பிஸ்கட்டையும் வைத்தார். "போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் ஒரு தடவை வாங்கம்மா. நானும் பார்க்கணும். இத்தனை வருஷம் அதோட காகிதத்தைத்தானே தூக்கிச் சுமந்தேன்."

காகிதம் என்று அவர் சொன்னதை இருவருமே கவனிக்கவில்லை.

தீர்ப்பை நிறைவேற்றி வைக்க ஓர் அமீனாவை அனுப்பினார்கள். ஓய்வு பெறப் போகிற வயது, கையில் குடை, தோளில் துணிப்பை. இருவரும் பஸ்ஸில் போனார்கள். அவள் மடியில் மூன்றாம் நம்பர் பெட்டி. அமீனா ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து தீர்ப்பை எடுத்தார். எங்கே போகிறோம், எதை வாங்கிக் கொடுக்கப் போகிறோம் என்று தெரிய வேண்டாமா? முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பிறகு மேலே போய் ஓர் இடத்தை மறுபடி படித்தார்.

"பொண்ணுக்கு இப்ப என்னம்மா வயசு?"

"பத்துங்க."

"இதை யாருமே படிக்கலையா?"

"படிச்சா மரியாதைக் குறைவாம்."

அவர் தீர்ப்பை மடித்துப் பையில் வைத்தார். அவளோ, பஸ் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா என்று முன்சீட்டுக் கம்பியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தது ஒரு பெண் பிள்ளை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, விரலில் பேனா மை, வெறும் கால். அமீனாவைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். இரண்டு பார்வைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா! யாரோ வந்திருக்காங்க!"

கையைத் துடைத்துக்கொண்டே வந்தது நாத்தனார். வாசலில் நிற்பவளைக் கண்டதும் அவள் கை தானாகப் போய்ப் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டது. கோபத்தில் பிடித்த பிடி இல்லை அது. பயம்.

அமீனா தொண்டையைச் சரி செய்துகொண்டு, மன்றம் அங்கீகரித்த தீர்ப்பை அங்கீகரித்தபடியே வாசித்தார். "...மூவாண்டு அகவையுடைய பெண் மகவினை ஈன்றாளிடம் கையளித்தல் வேண்டும்."

ஒரு நிமிடம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. முதலில் புரிந்தது நாத்தனாருக்கு. "மூணு வயசுப் பிள்ளை இங்க இல்லீங்க" என்றாள்.

"அண்ணி, என்ன பேசுறீங்க? இதோ நிக்கிறாளே! ஐயா, இவதாங்க. இவதான் அந்த மூணு வயசு."

அமீனா குனிந்து பிள்ளையிடம் கேட்டார். கேட்டாக வேண்டும், அதுதான் முறை. "பாப்பா, இந்த வீட்டுல மூணு வயசுல தங்கச்சி யாராவது இருக்காங்களா?"

"இல்லையே அங்கிள். நான் மட்டும்தான்."

அவர் நிமிர்ந்தார். "நான் என்ன பண்ணட்டும் தாயி? எழுத்தைக் கூட்டிக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்ல. மன்றத்துக்கே இல்ல. அந்த நாட்டுக்குப் போயி, வயசைத் திருத்தித் தரச் சொல்லி வாங்கிட்டு வந்தீங்கன்னா, மறுபடி..." நாற்காலி, தண்ணீர், மூடி எல்லாம் அவருக்கும் தெரியும்.

அவளுக்குக் கையில் இருந்த பெட்டி ஞாபகம் வந்ததும், கடையில் உட்காருவதுபோல் வாசற்படியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். "போட்டுப் பாரும்மா" என்றாள். பிள்ளை அத்தையின் முகத்தைப் பார்த்தது. அத்தை தலையை அசைத்தாள். பிள்ளை காலை நீட்டியது. அவள் அதை மடியில் வாங்கிக்கொண்டாள். வாங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அளவு ஐந்து. அப்பன் கால். ஆனாலும் உடனே விட்டுவிடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி, குதிகாலைப் பிடித்து, பட்டையைத் தளர்த்தி, கொஞ்ச நேரம் போடுவதுபோலவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகா இருக்கு, ஆன்ட்டி" என்றாள் பிள்ளை, சங்கடத்தோடு. "ஆனா எனக்குப் பத்தாது."

மறுநாள் அமீனாவின் அறிக்கை மன்றத்துக்குப் போனது. தலைவர் அதையும் படிக்காமலே ஏற்றுக்கொண்டார். 'மேற்படி இல்லத்தில் மூவாண்டு அகவையுடைய பெண் மகவு எதுவும் காணப்படவில்லை' என்று அதில் எழுதியிருந்தது.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இல்லை.